கவலைக்கு இருபது யூரோ

வயல் கேட்டில் மஞ்சள் காகிதம்.
ஏப்ரலில் வெள்ளைக் காகிதம் கட்டினார்கள், பிறகு
விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.
அதே நிலத்துக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடி கேட்டால்
மஞ்சளில்தான் கேட்க வேண்டுமாம்.
நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஒரு குழந்தைகள் காப்பகம்,
இருநூற்றாறு கார்கள் நிற்க இடம்.
ஐந்து வாரம் அவகாசம். அதற்குள்
கவலை உள்ளவர்கள்
இருபது யூரோ கட்டிக் கவலைப்படலாம்.

கிளப் மாடியில் கூடினோம்.
மடக்கு நாற்காலிகள், பெரிய கெட்டிலில் தேநீர்.
டெர்வ்லா கார்களைப் பற்றிப் பேசினாள்:
காலை எட்டரைக்குப் பள்ளி முனையில்
இப்போதே ஊசி நுழையாது.
ஸ்பிக்னியெவ் கழிவுநீர்க் குழாயின் விட்டம் கேட்டான்,
அதைப் பதித்தவனே அவன்தான்.
ஒருவர், பெயர் வேண்டாம்,
"எப்படிப்பட்டவர்கள் வருவார்களோ" என்றார்.
ஸ்பிக்னியெவ் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.
அவன் சர்க்கரை போடுவதில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொன்னவள் அட்ராக்டா மட்டும்.
அது வயலே இல்லை என்றாள்.
அக்டோபரில் அடிப்பாறையின் ஓட்டைகள் வழியே ஊறும்.
டிசம்பரில் ஏரி,
ஐஸ்லாந்திலிருந்து வந்து இறங்கும் அன்னங்கள்.
மே மாதம் ஒன்றும் நடவாததுபோல் புல்.
பொறியாளர்கள் வந்தது ஜூனில்.
"நிலம் உலர்ந்திருந்தது" என்கிறது அறிக்கை.
பொய்யில்லை.

மறுநாள் கவுன்ட்டி அலுவலகத்துக்குப் போனேன்,
பழைய கடிதம் ஏதாவது கிடைத்தால்
பார்த்து எழுதலாம் என்று.
எடுத்துத் தந்தது 2003ஆம் வருடக் கோப்பு.
எங்கள் குடியிருப்பு.
ஆட்சேபங்கள் பதினேழு. மூன்றாவது,
கோடு போட்ட தாள், நீல மை, மாலகி கெவில்:
"வடக்கு ஓரத்து ஏழு வீடுகளில் தண்ணீர் புகும்."
வடக்கு ஓரத்தில் ஐந்தாவது வீடு என்னுடையது.

இரண்டு முறை புகுந்தது,
அடுப்படியில் முழங்கால் அளவு.
காப்பீட்டுக்காரர்கள் இப்போதெல்லாம் போனை எடுப்பதில்லை.
நாங்கள் குடிவந்த அன்று
மாலகியின் மனைவி அட்ராக்டா ருபார்ப் கேக் கொண்டுவந்தாள்.
முதல் வெள்ளத்தில் மணல் மூட்டையோடு
முதலில் வந்து நின்றவரும் மாலகிதான்.
அப்போதே சொன்னேனே என்று
சாகும்வரை சொல்லவில்லை.
அதைப் பெருந்தன்மை என்று நான் நினைத்ததுகூட இல்லை,
அவர் சொன்னதே எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு ஓய்ஷீன்
வேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.
முப்பத்துநான்கு வயது. பெற்றோர் வீட்டுச் சிறிய அறையில்
அவன், மனைவி, தொட்டில், துணி காயும் கம்பி.
கூட்டத்துக்கு அவன் வரவில்லை.
"எழுதப் போகிறீர்களா?"
"ஆமாம்."
"மேற்கு மேட்டில் நாற்பது வீடு காட்டியிருக்கிறார்கள்" என்றான்,
"அங்கே தண்ணீர் ஏறாது. சின்ன வயதில்
அங்கே நின்றுதான் அன்னங்களை எண்ணுவோம்."
துணியைப் பிழிந்தான்.
வேறெதுவும் கேட்கவில்லை.

எழுத உட்கார்ந்தேன்.
ஐயா, ஜனவரியில் வந்து பாருங்கள்.
முழங்கால் பூட்ஸ் கொண்டுவாருங்கள்.
மேற்கு மேட்டில் மட்டும் கட்டுவதானால் எனக்கு

பேனா அங்கே ஒரு மணி நேரம் நின்றது.
என் ஜன்னலில் தெரிவது அந்த மேடு.
சாயங்கால வெளிச்சம் அதன்மேல்தான் கிடக்கும்,
தினமும் பார்க்கிறேன் என்று சொல்ல மாட்டேன்,
இருக்கிறது என்று தெரியும்.

ஆட்சேபம் இல்லை என்று எழுதினேன்.
அடித்தேன்.
அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினேன்.
வேறு தாள் எடுக்கவில்லை.
மாலகியின் கடித நகலை இணைத்து,
இருபது யூரோ கட்டி,
ரசீது வாங்கினேன்.

இன்று அக்டோபர் ஒன்பது.
மஞ்சள் காகிதம் வெயிலில் வெளிறி
வெள்ளைபோல் ஆகிவிட்டது.
நான்கு நாளாக மழை இல்லை.
கேட்டுக்கு உள்ளே, பொறியாளர் வண்டியின் சக்கரத் தடத்தில்
ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர்.